பிரடெரிக் டக்ளஸ்: கொடுமையின் வேரைக் கண்டவர்

ஒரு சமூகத்தில் கொடுமை எதனால் உண்டாகிறது என்று வினவினால், கொடியவர்கள் இருப்பதனால் உண்டாகிறது என்று விடை கூறுவோர் பலர். இவ்விடை எளிது, மனத்துக்கு ஆறுதலும் அளிக்க வல்லது. கொடியவன் வேறு, நாம் வேறு என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம் அல்லவா? ஆனால் இருபது வருஷம் பிறருடைய உடைமையாக இருந்து, சாட்டையடியைத் தம் முதுகிலேயே ஏற்று, அதன் பின்னர் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சாட்டையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்த ஒரு மனிதர் இவ்விடையை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் கறுப்பு ஜாதியாரிடையே தோன்றிய பிரடெரிக் டக்ளஸே அவர். கேள்வி முறையில்லாத அதிகாரத்தைச் சட்டம் ஒருவன் கையில் கொடுக்குமானால் நல்லவனும் நாளடைவில் கொடியவனாவான் என்பதும், அக்கொடுமையின் வடு சட்டம் மாறிய பின்னும் தலைமுறை தலைமுறையாக நீங்காது என்பதும் அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டும் உண்மைகள். பொது வாழ்வில் இறங்கியிருப்போர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய சரித்திரம் அது.

பிறந்த நாள் அறியாத குழந்தை

டக்ளஸ் பிறந்தது 1818-ம் வருஷம் பிப்ரவரி மாதம், மேரிலாந்து மாகாணத்து டால்பட் ஜில்லாவில். பெற்றோர் வழியில் வந்த பெயர் பிரடெரிக் பெய்லி. டக்ளஸ் என்பது பின்னர் அவர் ஏற்றுக்கொண்டது. தாம் பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. வருஷங்கூட 1817 என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார். அடிமைகளின் சொந்தக்காரனான ஆரன் ஆந்தனி வைத்திருந்த கணக்குப் புஸ்தகத்தைக் கொண்டுதான் பிற்காலத்தார் 1818 என்று நிச்சயித்தனர். மாட்டுக்குக் கன்று பிறந்தால் கணக்கில் எழுதுவது போல அடிமைக்குக் குழந்தை பிறந்ததும் எழுதப்பட்டது. அந்தக் கணக்கு எஜமானுக்காக, குழந்தைக்காக அன்று.

தகப்பன் ஒரு வெள்ளையன் என்பது மட்டும் ஊரில் பேச்சு. எஜமானே தகப்பன் என்றும் சிலர் முணுமுணுத்தனர். இவ்விடத்தில் அந்நாட்டுச் சட்டத்தின் போக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் விதித்தது. தாய் அடிமையானால் தகப்பன் யாராயிருந்தாலும் குழந்தையும் அடிமை. எஜமான் தன் அடிமைப் பெண்ணைக் கெடுத்தால் அவனுக்குத் தண்டனை இல்லை என்பதோடு, அதனால் பிறக்கும் குழந்தை அவன் சொத்தில் ஒன்றாகவும் சேர்ந்தது. பாவத்துக்கு லாபம் வைத்த சட்டம் அது. லாபம் வைத்த பிறகு பாவம் பெருகியதில் ஆச்சரியம் என்ன?

தாய் ஹாரியட் பெய்லி, குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே பன்னிரண்டு மைல் தூரத்திலிருந்த ஒரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டாள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் அத்தனை தூரமும் நடந்து வந்து, பிள்ளையை அணைத்துத் தூங்கவைத்து, விடியுமுன் திரும்பிவிடுவாள். சூரியோதயத்தில் வயலில் இல்லாவிட்டால் சாட்டையடி. இவ்விதம் அவர் தம் தாயைக் கண்டது நாலைந்து தடவைக்கு மேல் இல்லை. அவருக்கு ஏழு வயது ஆகும்போது அவள் இறந்தாள். நோயிலும் சாவிலும் அருகிலிருக்க அனுமதி கிடைக்கவில்லை. யாரோ அந்நியர் இறந்த செய்தியைக் கேட்டது போலவே அப்போது தமக்கு இருந்தது என்று டக்ளஸ் பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார். அவளுக்கு எழுத்து வாசனை இருந்தது என்ற விஷயமும் வெகுநாள் கழித்தே அவர் காதுக்கு எட்டியது.

பாட்டி பெட்ஸியிடம் ஆறு வயது வரை வளர்ந்த குழந்தை, பின்னர் வை நதிக்கரையில் இருந்த எட்வர்டு லாயிடு என்னும் பெருநிலக்காரரின் பண்ணைக்குக் கொண்டுவிடப்பட்டது. அங்கே உடன்பிறந்தோர் சிலர் இருந்தனர். ரத்தம் ஒன்று, ஆனால் ஒருவரை ஒருவர் அறியார். அவர்களுடைய பாசத்தை யாரும் சாட்டையால் அடித்து விரட்டவில்லை. அது உண்டாவதற்கே இடம் தரப்படவில்லை. கொடுமை என்றால் அடியும் உதையுமே என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அடிமைக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முரட்டுத் துணிச் சட்டைகள். வேறு உடுப்பும் செருப்பும் இல்லை. குளிர்காலத்தில் சோளச் சாக்கு ஒன்றுக்குள் புகுந்து அவர் தூங்குவார். வெளியே நீட்டிய பாதங்கள் பனியில் வெடித்துப் பிளந்திருக்கும். உணவோ, மரத்தொட்டியில் ஊற்றிய சோளக் கூழ். பன்றிக் குட்டிகளைப் போல் குழந்தைகள் சுற்றி நின்று சிப்பியாலும் வெறுங்கையாலும் அள்ளித் தின்பார்கள். தாயின் சகோதரியான ஹெஸ்டரை எஜமான் கட்டித் தொங்கவிட்டு ரத்தம் வழிய அடித்ததை அவர் அந்த வயதிலேயே கண்டார். அடுத்த முறை தம்முடையதோ என்று அஞ்சி ஒரு சிற்றறையில் ஒளிந்துகொண்டார். அடிக்குப் பயந்து நீரோடையில் இறங்கி நின்ற ஓர் அடிமையைக் கங்காணி ஒருவன் சுட்டுக் கொன்ற செய்தியையும் அவர் எழுதியிருக்கிறார். கொலைக்கு விசாரணையே நடக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அடிமைகள். வெள்ளையனுக்கு எதிராக அடிமையின் சாட்சியம் கோர்ட்டில் செல்லாது.

எழுத்தும் எஜமானியும்

1826-ம் வருஷம் அவர் பால்டிமோர் நகரத்தில் ஹ்யூ ஆல்டு என்பவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். டக்ளஸின் சரித்திரத்தில் நமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்த வீட்டில் நிகழ்ந்ததுதான். வீட்டு எஜமானி ஸோபியா ஆல்டு, கல்யாணத்துக்கு முன் நெசவு வேலை செய்து பிழைத்தவள். அதுவரை அவள் ஓர் அடிமையையும் ஆண்டதில்லை. தன்னிடம் வந்த சிறுவனை மற்றப் பிள்ளைகளைப் போலவே அன்பாக நடத்தி, எழுத்துக்களையும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கணவனுக்கு இது தெரிந்தது. படித்த அடிமை அடிமையாயிருக்கத் தகுதியற்றுப் போவான் என்று சொல்லிப் படிப்பை நிறுத்தினான்.

அதன் பின் அந்த அம்மாளிடம் ஏற்பட்ட மாறுதலை டக்ளஸ் மிகுந்த வருத்தத்தோடு வர்ணிக்கிறார். முதலில் கணவன் கட்டளைக்காகச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தினாள்; பின்னர் கணவனைவிடக் கடுமையானாள். சிறுவன் கையில் பத்திரிகையைக் கண்டால் பாய்ந்து பிடுங்குவாள். பிறவியில் அவள் கொடியவள் அல்லள். ஒரு மனிதனைச் சொத்தாக வைத்து ஆள வேண்டுமானால் அவனை மனிதனாக நினைப்பதை முதலில் விட வேண்டும். அதை அவள் சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டாள். அடிமைத்தனம் தமக்குச் செய்த அளவு தீங்கை அவளுக்கும் செய்தது என்பது டக்ளஸின் முடிவு. கொடுமைக்கு ஆளானவன் ஒருவன் இப்படி எழுத முடிந்ததே, அவருடைய நெஞ்சின் விசாலத்துக்குச் சான்று.

ஆனால் எஜமானன் வாயாலேயே ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. படிப்புத்தான் விடுதலைக்கு வழி என்று சிறுவன் தெரிந்துகொண்டான். தெருவில் ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்டான். கப்பல் துறையில் மரங்களின்மேல் எழுதியிருந்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். ஐம்பது சென்ட் சேர்த்துப் பிரசங்கங்கள் அடங்கிய புஸ்தகம் ஒன்று வாங்கி, அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

அடிமையைப் பழக்குவோன்

1833-ம் வருஷம் அவர் கிராமத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டுத் தாமஸ் ஆல்டு என்பவரின் கைக்குப் போனார். இந்த எஜமான் ஒரு மதக் கூட்டத்தில் பக்திமானாக மாறியவர். பக்தி வந்தால் இரக்கமும் வரும் என்று அடிமைகள் நம்பினார்கள். கடுமைக்கு வேத வாக்கியம் துணையாகக் கிடைத்ததுதான் கண்ட பலன் என்கிறார் டக்ளஸ்.

பணியாத வாலிபன் என்று கருதி, 1834-ல் அவரை எட்வர்டு கோவி என்ற குடியானவனிடம் ஒரு வருஷத்துக்கு ஒப்படைத்தார்கள். அடிமைகளின் முதுகெலும்பை முறித்துப் பழக்குவதில் கோவி பேர்பெற்றவன். அவன் குத்தகை நிலத்தில் பயிரிடும் சாதாரண மனிதன். முரட்டு அடிமைகளை அடக்கித் தருவான் என்ற பெயர் இருந்தபடியால், சுற்றுப்புறத்து எஜமானர்கள் சொற்பச் செலவில் அவனுக்கு ஆள் கொடுத்து வந்தனர். ஆகவே கொடுமையே அவனுக்கு மூலதனம். முதல் ஆறு மாதத்தில் டக்ளஸ் அடிபடாத வாரம் இல்லை. பதினாறு வயது வாலிபன் படிப்பில் ஆசை இழந்தான், மனம் மரத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் மிருகம் போல் அரைத்தூக்கத்தில் கிடந்தான்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், கட்ட வந்த கோவியின் குரல்வளையை அவன் பிடித்துக்கொண்டான். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போராட்டம் நடந்தது. அதன் பிறகு வருஷம் முடியும் வரை கோவி அவன்மேல் கை வைக்கவில்லை. அதிகாரிகளிடம் புகார் செய்யவும் இல்லை. புகார் செய்தால் தன் பெயர் கெடும், பெயர் கெட்டால் பிழைப்புக் கெடும் என்று அவன் அஞ்சியிருக்க வேண்டும் என்பது டக்ளஸின் ஊகம். எதிர்ப்பே இராது என்ற நம்பிக்கையில் நிற்கும் கொடுமை, எதிர்ப்பைக் கண்ட இடத்தில் எவ்வளவு தடுமாறிவிடுகிறது!

அடிமைகளின் பாட்டைக் கேட்டு அவர்கள் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னவர்களையும் டக்ளஸ் மறுத்தார். துயரம் மிகும்போதுதான் அவர்கள் அதிகம் பாடினார்கள். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் இடைப்பட்ட விடுமுறையில் எஜமானர்கள் தாங்களே அடிமைகளைக் குடிக்கத் தூண்டுவார்கள். குடித்து விழுந்து கிடப்பதுதான் சுதந்திரம் என்று அடிமை எண்ணி அதை வெறுக்க வேண்டும் என்பது அவர்கள் தந்திரம். பின்னர் அந்தக் குடியையே காட்டி, இவர்கள் சுதந்திரத்துக்கு லாயக்கற்றவர்கள் என்று சொல்வார்கள். நோயைக் கொடுத்துவிட்டு நோயாளியை ஏசும் வழக்கம் எல்லாக் கொடுங்கோன்மைக்கும் பொதுவானது.

விடுதலையும் பத்திரிகையும்

1836-ல் செய்த தப்பியோடும் முயற்சி காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறையில் முடிந்தது. மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டு, கப்பற்பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலையைக் கற்றார். அங்கே வெள்ளைத் தொழிலாளர் சிலர் கூடி அவரைத் தாக்கி ஒரு கண்ணை அநேகமாகக் கெடுத்துவிட்டனர். சுற்றி நின்று பார்த்த வெள்ளையர் அனேகர், சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை, வழக்கும் எழவில்லை. வாரந்தோறும் சம்பாதித்த கூலியை எஜமானிடம் எண்ணிக் கொடுத்து வந்தவர், 1838-ம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி மாலுமி வேஷத்தில், நண்பர் ஒருவரின் மாலுமிச் சீட்டோடு ரயிலேறி, மறுநாள் நியூயார்க் சேர்ந்தார். இதற்குப் பணம் உதவிய ஆன்னா மர்ரே என்ற சுதந்திரக் கறுப்புப் பெண்மணி சில நாளில் அவர் மனைவியானார். மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து நியூ பெட்போர்டில் இருவரும் குடியேறினர்.

அடிமைத்தனம் இல்லாத அந்த மாகாணத்திலும் அதன் நிழல் இருந்தது. கலப்பற்று வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வெள்ளைத் தொழிலாளர் கூட நின்று வேலை செய்ய மறுத்தபடியால் கூலி மூட்டை சுமந்தார். ரயிலில் வெள்ளையர் வண்டியிலிருந்து பலாத்காரமாக இறக்கப்பட்டார்.

1841-ல் நான்டக்கட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் அவர் நிகழ்த்திய பிரசங்கம் அவரைப் பொது வாழ்வில் சேர்த்தது. இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று சிலர் சந்தேகித்தனர். எஜமானர்கள் பெயரையும் ஊரையும் வெளிப்படையாக எழுதி 1845-ல் அவர் தம் சரித்திரத்தைப் பிரசுரித்தார். தாம் இருக்குமிடத்தை எஜமானுக்கே தெரிவித்த செயல் அது. பிடிபடாதிருக்க அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்று இருபது மாத காலம் பிரசங்கம் செய்தார். டப்ளின் நகரில் அயர்லாந்தின் தேசத் தலைவர் டானியல் ஓகானலைச் சந்தித்தார். தம் நாட்டு விடுதலைக்கு உழைத்த ஓகானல், அமெரிக்க அடிமைகளுக்காகவும் குரல் கொடுத்து வந்தவர். 1846-ல் ஆங்கில நண்பர்கள் சுமார் 150 பவுன் செலுத்தி டக்ளஸை எஜமானிடமிருந்து விலைக்கு வாங்கி விடுவித்தனர்.

திரும்பி வந்த டக்ளஸ் 1847-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி ராச்செஸ்டர் நகரில் 'வடமீன்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். தப்பியோடும் அடிமைகளுக்கு இரவில் திசை காட்டியது அந்த நட்சத்திரமே. பத்திரிகை நடத்துவதன் கஷ்டங்களை அறிந்த நாம், கடனோடும் பகையோடும் போராடி அவர் பல வருஷம் அதை நடத்தியதை வியக்காதிருக்க முடியவில்லை. 1848-ல் ஸெனகா பால்ஸில் கூடிய ஸ்திரீகள் உரிமை மகாநாட்டில், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்ற தீர்மானத்தை முன்னின்று ஆதரித்தார்.

அவ்வருஷமே அவருடைய மகள் ரொஸெட்டாவை ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தனி அறையில் உட்காரவைத்தனர். உடன் படித்த சிறுமிகளைக் கேட்டபோது, எங்களோடு உட்காரட்டும் என்றார்கள். பெற்றோர்களைக் கேட்டபோது ஒருவர் மட்டும் ஆட்சேபித்தார். அந்த ஒருவரே போதுமானவர். சிறுமி வெளியேற நேர்ந்தது. துவேஷம் குழந்தையோடு கூடப் பிறப்பதன்று. பெரியவர்களால் கற்பிக்கப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா?

அரசியல் சட்டத்தைப் பற்றியும் அவர் தமக்கென்று ஒரு முடிவுக்கு வந்தார். அமெரிக்க அரசியல் சட்டமே அடிமைத்தனத்துக்கு உடந்தை, ஆகவே அதைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவருடைய குருவாக விளங்கிய காரிஸனின் கொள்கை. 1851-ல் டக்ளஸ் இதிலிருந்து விலகினார். சட்டத்தின் வாசகத்தை விடுதலைக்கே ஆயுதமாக்க வேண்டும் என்று வாதித்தார். இதனால் பழைய நண்பர்களின் பகை வந்தது.

சட்டம் மாறிய பின்னர்

1860-ம் வருஷத்து ஜனக் கணக்கில் அமெரிக்காவில் ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் இருந்தனர். மறு வருஷம் உள்நாட்டு யுத்தம் மூண்டது. கறுப்பர்களைப் படையில் சேர்க்க டக்ளஸ் ஊர் ஊராக உழைத்தார். தம் குமாரர்களில் இருவரையும் அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலரும், கறுப்புச் சிப்பாய்க்குப் பிடித்தம் போக 7 டாலரும் கொடுக்கப்பட்டபோது, 1863-ல் ஜனாதிபதி லிங்கனையே கண்டு முறையிட்டார். அடுத்த வருஷம் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. 1865-ல் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. 1868-ல் பிரஜா உரிமையும், 1870-ல் கறுப்பு ஆடவர்க்கு ஓட்டுரிமையும் அரசியல் சட்டத்தில் ஏறின.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்து ஓய்ந்தவர் பலர். டக்ளஸ் ஓயவில்லை. விடுதலை பெற்றவனுக்கு நிலம் இல்லை; கையில் காசு இல்லை; படிப்பு மறுக்கப்பட்டிருந்தது. பழைய எஜமானன் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கினான். தென் மாகாணங்களில் புதிய சட்டங்கள் செய்து, வேலையற்றுத் திரிந்ததாகப் பிடித்து, கைதிகளாக்கிக் கூலிக்கு விட்டனர். 1877-ல் மத்திய அரசாங்கத்தின் படைகள் பாதுகாப்பை விட்டு விலகின. 1875-ல் செய்யப்பட்ட சம உரிமைச் சட்டத்தை 1883-ல் உயர்ந்த நீதிமன்றமே செல்லாதென்றது. 1890-ல் மிஸிஸிப்பி மாகாணம் எழுத்தறிவுப் பரீட்சையாலும் தலைவரியாலும் கறுப்பர் ஓட்டைப் பறித்தது. எழுத்தறியக் கூடாதென்று தடுத்தவர்களே எழுத்தறியாததற்காக ஓட்டை மறுத்த விந்தையை என்னென்பது!

சாட்டை போன இடத்தில் கூட்டக் கொலை வந்தது. கறுப்பர்களை விசாரணையின்றிக் கும்பல் கூடித் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்றது. 1890-க்குப் பிந்திய வருஷங்களில் ஐடா வெல்ஸ் என்ற வாலிபப் பத்திரிகாசிரியை இதை ஆராய்ந்து வெளியிட்டபோது, முதுமையடைந்திருந்த டக்ளஸ் அவருக்குத் துணை நின்று, தாமும் அதைக் கண்டித்து ஊர்தோறும் பேசினார். உயர்ந்த உத்தியோகங்களும் ஹேய்ட்டி நாட்டின் ஸ்தானிகர் பதவியும் பெற்றிருந்த அவருக்குச் சும்மா இருக்க எல்லாச் சௌகரியமும் இருந்தன.

1877-ல் நடந்த ஒரு சந்திப்பையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மரணப் படுக்கையில் இருந்த தாமஸ் ஆல்டு அழைக்க, டக்ளஸ் அவரைப் போய்ப் பார்த்தார். கைகள் நடுங்கிய அந்தக் கிழவர் கண்ணீர் விட்டார். தம் பாட்டியைக் கைவிட்டதாக அவர்மேல் தாம் எழுதிய குற்றம் உண்மையல்ல என்று டக்ளஸ் ஒப்புக்கொண்டார். தாம் பிறந்த காலத்தையும் அவரிடமே விசாரித்தார். அறுபது வயதை நெருங்கியவர், மாகாணமெங்கும் புகழ் பெற்றவர், தம் வயதைத் தெரிந்துகொள்ளப் பழைய எஜமானைக் கேட்க வேண்டியிருந்தது! மனிதனை மன்னிக்க அவரால் முடிந்தது. இழந்ததை அந்த மன்னிப்பால் மீட்க முடியவில்லை.

1895-ம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி, வாஷிங்டனில் ஸ்திரீகள் சபைக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்த மாலையில் டக்ளஸ் காலமானார். மறு வருஷமே, ரயிலில் ஜாதிக்கு ஒரு வண்டி வைப்பது சட்டப்படி சரியே என்று அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடங்களில் பேதத்தைத் தடுத்த சட்டம் 1964-லும், ஓட்டுரிமையைப் பாதுகாத்த சட்டம் 1965-லும்தான் வந்தன. விடுதலைக்குப் பின் ஒரு நூற்றாண்டு இப்படிக் கழிந்தது.

டக்ளஸின் சரித்திரத்திலிருந்து தேச ஊழியர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கேனும் கொடுமை நிகழ்ந்ததாகக் கேள்விப்பட்டால், செய்தவன் யார் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது எது, அதனால் லாபம் அடைகிறவர் யார், அடிபட்டவன் சொல் எந்தச் சபையில் செல்லும் என்று கேட்க வேண்டும். கோவியைத் தண்டித்தாலும் அவனுக்கு ஆள் கொடுத்த எஜமானர்கள் இருந்தால் இன்னொரு கோவி தோன்றுவான். சட்டத்தைத் திருத்திய பின்னரும், நிலமும் படிப்பும் நீதியும் அடிபட்டவன் கைக்கு எட்டும் வரை ஊழியம் முடிந்ததாகாது. விடுதலைச் சட்டம் வந்து முப்பது வருஷமான பிறகும் டக்ளஸ் மேடையேறியது இதனால்தான்.